மில்லியா மைக்ரோவா? பத்து மடங்கும் ஆயிரம் மடங்கும் பிசகும் இடங்கள்

போலிக் அமில மாத்திரை 400 மைக்ரோகிராமிலும் வரும், 5 மில்லிகிராமிலும் வரும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஏதாவது ஃபார்மசியில் இரண்டையும் ஒருவர் கையில் கொடுத்து எது வீரியம் கூட என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 400-ஐத்தான் காட்டுவார்கள். 400 மைக்ரோகிராம் என்பது 0.4 மில்லிகிராம், அவ்வளவுதான். அந்த 5 மில்லிகிராம் மாத்திரை இதைவிடப் பன்னிரண்டரை மடங்கு. எண்ணைப் படித்துவிட்டு அலகை விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கிறது, அதுவும் கையெழுத்துச் சீட்டில் மைக்ரோவுக்குப் போடும் மியூ எழுத்து அவசரத்தில் 'எம்' மாதிரியே தெரியும், அதனால்தான் மருந்து விஷயத்தில் 'எம்சிஜி' என்று எழுதச் சொல்கிறார்கள்.

அடுத்தது படிக்கட்டு. கிராம், டெசிகிராம், சென்டிகிராம், மில்லிகிராம் என்று படிக்கட்டு படம் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு படி இறங்கினால் 10 என்பது மனதில் பதிந்துவிடுகிறது, மில்லிக்குக் கீழே மைக்ரோ வந்ததும் அதையும் இன்னொரு பத்து என்றே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இல்லை. மில்லிக்குக் கீழே ஒவ்வொரு இறக்கமும் ஆயிரம். 1 மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம், 1 மைக்ரோகிராம் 1000 நானோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம்.

பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் வேறு. 0.05 மில்லிகிராமை மைக்ரோகிராமாக்கச் சொன்னால் சிலர் ஆயிரத்தால் வகுத்துவிடுவார்கள், அப்போது சில கால்குலேட்டரில் 5, ஒரு 'ஈ', மைனஸ் 5 என்று வரும், அதில் 'ஈ'க்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டு 5 என்று எழுதிவைப்பார்கள். சரியான விடை 50. அலகு சின்னதானால் எண் பெரிதாக வேண்டும், கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: இயற்பியலில் நிறையின் அடிப்படை அலகு கிலோகிராம், கிராம் அல்ல. அதனால் 5 மில்லிகிராம் என்பது 5 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 6 கிலோகிராம். மில்லி என்றதும் கை தானாக மைனஸ் 3 எழுதிவிடும், அங்கேதான் மதிப்பெண் போகிறது.

புள்ளி. '.5' என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும், '5.0' என்று எழுதினால் 50 ஆகும். முன்னால் பூஜ்யம் போடுங்கள், பின்னால் போடாதீர்கள்.

வீட்டில் நிஜமாகவே ஆபத்தானது மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் ஒன்றாக நினைப்பது. பிள்ளைகளுக்கான பாரசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும் கிடைக்கும், 250 என்றும் கிடைக்கும். முதலாவதில் ஒரு மில்லிலிட்டருக்கு 24 மில்லிகிராம், இரண்டாவதில் 50. "போன தடவை ஒரு கரண்டிதானே கொடுத்தோம்" என்று பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் அதே அளவு ஊற்றினால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். லேபிளில் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் ஃபார்மசிஸ்டிடமே கேட்டுவிடுங்கள்.

வைட்டமின் டப்பாவில் இருக்கும் 'ஐயு' (சர்வதேச அலகு) எடையே அல்ல. வைட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராமுக்கு 40 ஐயு, ஆகவே 1000 ஐயு என்றால் 25 மைக்ரோகிராம். இதே 40-ஐ வைட்டமின் ஏ-க்குப் போடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

புகைமூட்டம் வந்தால் கோலாலம்பூரில் எல்லாரும் 'பிஎம் 2.5' என்று பேசுவோம். அந்த 2.5 காற்றில் மிதக்கும் நுண்துகளின் அதிகபட்ச அகலம், மைக்ரோமீட்டரில். காற்றில் அந்தத் துகள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்கிறார்கள். இரண்டிலும் மைக்ரோ வருவதால் வாட்ஸ்அப்பில் "2.5 மைக்ரோகிராம் தூசி" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாகத் தராசு. சமையலறைத் தராசு 3 கிராம் காட்டினால் அதை 3000 மில்லிகிராம் என்று மாற்றி எழுதலாம், கணக்கு சரிதான், ஆனால் அந்தத் தராசுக்கு ஒரு கிராமுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இணையத்தில் வாங்கும் நகைத் தராசு 0.01 கிராம் வரை காட்டும், அதாவது 10 மில்லிகிராம். அதில் 5 மில்லிகிராம் பொடியை நிறுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.