ஏற்காட்டில் ஓடையோரம் கூடாரம் போடுவதற்கு முன்னால்

பசங்களை ஏற்காட்டுக்கு முகாம் கூட்டிப் போகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஓடைச் சத்தம் கேட்டபடி தூங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தூறல்கூட விழாது, மேலே சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும், பாறைச் சரிவில் நிற்க இடமில்லாத அத்தனை தண்ணீரும் கீழே ஓடைக்குத்தான் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம்தான் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது.

வெளிச்சம் இருக்கும்போதே கரையோரப் புதர்களைப் பாருங்கள். சருகும் சுள்ளியும் கிளையில் சிக்கிக் காய்ந்திருந்தால் முந்தைய வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. ஒரு தடவை காப்பித் தோட்டத்துக்குக் கீழே, கணுக்கால் அளவு ஓடிய தண்ணீருக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்தில் ஒரு பழைய உரச்சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. போட்ட கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். பசங்களுக்கு முகம் தொங்கிப்போச்சு, பரவாயில்லை. மேடு என்பதற்காக வெட்டிய மண்சுவருக்கு அடியில் போய்ப் படுக்காதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையே சரிந்தது.

சாயங்காலமே எந்தப் பக்கம் ஏறுவது என்று ஒருமுறை நடந்து காட்டிவிடுங்கள். விசில் மூன்று முறை ஊதினால் ஓட்டம், அவ்வளவுதான். செருப்பும் டார்ச்சும் தலைமாட்டில் இருக்கட்டும். பெரியவர்கள் முறை வைத்து விழித்திருங்கள்.

தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே லாரி வருகிற மாதிரி உறுமல் கேட்டால், யோசிக்காமல் விசில் ஊதுங்கள். ஓடையோடு கீழே ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். பை, போன் எதற்கும் திரும்பாதீர்கள். மேலே போனதும் தலையை எண்ணுங்கள், அப்புறம் 112-க்குக் கூப்பிடுங்கள்.

யாராவது அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேட்டில் இருக்கச் சொல்லுங்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் பெரிய ஆளையே சாய்த்துவிடும். விழுந்தவன் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, கரைப் பக்கம் சாய்வாக நீந்தணும். கரையில் இருப்பவர்கள் கயிறோ கம்போ நீட்டுங்கள், குதிக்காதீர்கள். தண்ணீர் வடிந்த மாதிரி தெரிந்தாலும் விடியும்வரை யாரையும் கீழே இறக்காதீர்கள், மேலே மழை விட்டதா என்று இருட்டில் தெரியாது.