வேர்ட்பிரஸ்: கஸ்டம் போஸ்ட் டைப் ஸ்லக்கை மாற்றுவது எப்படி?

தக்கலையில் டாக்சி ஓட்டும் என் மச்சானுக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளம் செய்து கொடுத்தேன். சுற்றிப் பார்க்கும் இடங்களுக்கென்று தனியாக ஒரு கஸ்டம் போஸ்ட் டைப், அதாவது நாமே உருவாக்கும் பதிவு வகை. திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் ஏற்றியாச்சு. லிங்க்கில் பார்த்தால் தளத்தின் பெயருக்கு அடுத்து ‘டூரிஸ்ட்_ஸ்பாட்’ என்று நிற்கிறது. லிங்க்கில் வரும் இந்த மாதிரித் துண்டுக்குத்தான் ஸ்லக் என்று பெயர். “இதை எப்படி மக்கா வண்டிக் கண்ணாடியில எழுதி ஒட்டுவேன்?” என்றார். நியாயம்தான்.

‘கஸ்டம் போஸ்ட் டைப் யூஐ’ ப்ளகின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) வைத்திருந்தால் வேலை சுலபம். டேஷ்போர்டில் அதன் மெனுவைத் திறந்து, ‘எடிட் போஸ்ட் டைப்ஸ்’ டேபில் உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். மேலேயே ‘போஸ்ட் டைப் ஸ்லக்’ என்று ஒன்று கண்ணில் படும். அதைத் தொடவே வேண்டாம்! டேட்டாபேஸில் பதிவுகள் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன. மாற்றினால் ஏற்றியதெல்லாம் மெனுவிலிருந்தே காணாமல் போகும்.

நமக்கு வேண்டியது கீழே, செட்டிங்ஸ் பகுதியில் உள்ள ‘கஸ்டம் ரீரைட் ஸ்லக்’. அதில் ஆங்கில எழுத்தில் ‘இடம்’ என்று அடியுங்கள். ‘வித் ஃப்ரண்ட்’டை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லையென்றால், பெர்மாலிங்க் (பதிவுகளின் நிரந்தர முகவரி) அமைப்பில் முன்னால் ‘பிளாக்’ என்று சேர்த்திருந்தால் அது இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘ஹேஸ் ஆர்க்கைவ்’ (எல்லாப் பதிவுகளுக்குமான பட்டியல் பக்கம்) ட்ரூ என்றால், அதே ஸ்லக்கில் வேறு பக்கம் வைக்காதீர்கள். பக்கத்துக்குப் பதில் பட்டியல்தான் திறக்கும்.

சேமித்தாச்சா? அப்புறம் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் போய், எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். ப்ளகின் பெரும்பாலும் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒருமுறை ப்ளகின் இல்லாமல் கோட் எழுதி மாற்றிவிட்டு இதை மறந்தேன்; எல்லாப் பக்கமும் 404, அதாவது ‘பக்கம் இல்லை’. அரை நாள் கோடிலேயே தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, லிங்க்கின் கடைசியில் வரும் ஒவ்வொரு பதிவின் ஸ்லக்கைத் தமிழிலேயே வைக்கலாமா? வைக்கலாம், இடம்தான் போதாது. ஸ்லக்குக்கு எல்லை 200 கேரக்டர். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் சதவீதக் குறிகளோடு 9 கேரக்டராக விரியும். புள்ளிக்கும் காலுக்கும்கூடத் தனிக் கணக்கு. ‘மாத்தூர் தொட்டிப்பாலம்’ மட்டுமே 190. பின்னால் ‘போகும் வழி’ சேர்த்தால் ‘ப’வோடு நின்றுவிடும். அதனால் பதிவுக்கும் ஆங்கில எழுத்திலேயே சின்னதாக வையுங்கள்.

பழைய லிங்க்கை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், ‘ரீடைரக்ஷன்’ ப்ளகின் போட்டு, பழைய ஸ்லக்கில் வருபவர்களைப் புதியதற்கு 301 (நிரந்தரமாகத் திருப்புவது) முறையில் திருப்பிவிடுங்கள். ஸ்டிக்கர் அடிக்கக் கொடுப்பது அதற்கப்புறம்.