கிட்னி மாத்தினவங்களுக்கு பேதி ஆரம்பிச்சா என்ன பண்ணணும்

கிட்னி மாத்தினவங்களுக்கு லூஸ் மோஷன் வந்தா வீட்ல உடனே "நேத்து சாப்ட்டது ஒத்துக்கல, ரெண்டு நாள் மோர் சாதம் குடு"ன்னு சொல்லிடுவாங்க. அப்படி விடாதீங்க. எதிர்ப்பு சக்திய மாத்திரை போட்டே அடக்கி வெச்சிருக்கோம், அதனால மத்தவங்களுக்கு ரெண்டு வாரத்துல தானா சரியாகுற கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமா கிரிப்டோ) மாதிரி ஒட்டுண்ணி இவங்களுக்கு மாசக்கணக்குல இழுத்து, உடம்புல தண்ணி வத்தி கிரியாட்டினின் (கிட்னி வேலை குறையுதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறிடும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. பேதில மாத்திரையும் போயிடும், டாக்ரோலிமஸ் (புது கிட்னிய உடம்பு ஒதுக்காம இருக்க போடுற மாத்திரை, சுருக்கமா டாக்ரோ) ரத்தத்துல லெவல் குறையும்னுதான் யாரும் நினைப்போம், ஆனா நிறைய பேருக்கு தலைகீழா நடக்கும், குடல் சுவர் கெட்டு அங்க மருந்தை உடைக்கிற வேலை நின்னுபோறதால லெவல் எகிறி கை நடுங்கும், கிட்னியும் அடி வாங்கும். அதனால நீங்களா மாத்திரைய நிறுத்தவும் வேணாம், கூட்டவும் வேணாம், அன்னிக்கே டிரான்ஸ்பிளான்ட் டீமுக்கு போன் போடுங்க. டாக்ரோ லெவல் பாக்க சொன்னா காலை டோஸ் போடாம போய் ரத்தம் குடுத்துட்டு அப்புறம் போடணும். இளநீர் குடுக்கலாமான்னும் அப்பவே கேட்டுக்கோங்க, டாக்ரோ போடுறவங்களுக்கு பொட்டாசியம் ஏற்கனவே ஏறி இருக்கலாம், இளநீர்ல அது நிறைய.

மெடிக்கல் ஷாப்ல பேதின்னு சொன்னதும் எடுத்து நீட்டுற ஓஃப்லாக்ஸசின் ஆர்னிடசோல் மாத்திரைய வாங்காதீங்க, கிரிப்டோவ அது ஒண்ணும் பண்ணாது. எந்த கிருமி இருக்குன்னு தெரிஞ்சாதான் மருந்து: ஜியார்டியாவுக்கு டினிடசோல், சைக்ளோஸ்போராவுக்கும் சிஸ்டோஐசோஸ்போராவுக்கும் செப்ட்ரான், கிரிப்டோவுக்கு நிட்டாசாக்சனைடு குடுத்து கூடவே எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்தையும் டாக்டர் குறைச்சு பாப்பாரு. எதிர்ப்பு சக்திய அடக்க போடுற இன்னொரு மருந்தான மைக்கோஃபினலேட்டே பேதி வரவைக்கும், அதனால "மருந்தோட சைடு எஃபெக்ட்தான்"னு சொல்லி முடிச்சிடுறதும் உண்டு, மோஷன் டெஸ்ட் பாத்துட்டு முடிவு பண்ணலாமான்னு கேளுங்க.

அந்த டெஸ்ட்லதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சாதாரண மோஷன் ரொட்டீன்ல கிரிப்டோ பெரும்பாலும் சிக்காது, "மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட்"னு (சாயம் போட்டு கிரிப்டோவ தேடுற டெஸ்ட்) சீட்டுல எழுதி வாங்கணும், டிரான்ஸ்பிளான்ட் பேஷன்ட்னும் எழுத சொல்லுங்க. ஒரு தடவை நெகட்டிவ்னா போதாது, வேற வேற நாள்ல மூணு சாம்பிள் குடுங்க. காசு இருந்தா பிசிஆர் பேனல் (ஒரே சாம்பிள்ல பல கிருமியோட மரபணுவ தேடுற டெஸ்ட்) நல்லதுதான், ஆனா வழக்கமான பேனல்ல மைக்ரோஸ்போரிடியா, சிஸ்டோஐசோஸ்போரா ரெண்டும் இருக்காது, அதுக்கு தனியா கேக்கணும்.

தண்ணி விஷயத்துல என்னோட கருத்து ஒண்ணுதான், கொதிக்க வைங்க. கிரிப்டோ குளோரின்ல சாகாது, 1993ல அமெரிக்காவோட மில்வாக்கி ஊர்ல குளோரின் போட்ட குழாய் தண்ணியாலேயே ஏறக்குறைய 4 லட்சம் பேர் படுத்தாங்க. தளதளன்னு கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம், ஊட்டி கொடைக்கானல் மாதிரி உயரமான ஊர்னா மூணு நிமிஷம் விடுங்க. கேன் தண்ணிக்கும் இதேதான், மூடில சீல் இருக்குன்னு நம்பாதீங்க. வெளிய கரும்பு ஜூஸ், ரோஸ்மில்க்ல போடுற ஐஸ், பானிபூரி தண்ணி, பச்சை கொத்தமல்லி தூவினது எல்லாம் வேணவே வேணாம். கைக்கு சானிடைசர் கிரிப்டோகிட்ட பலிக்காது, சோப்பு போட்டு கழுவணும். வீட்ல கன்னுக்குட்டி கழிஞ்சுக்கிட்டு இருந்தா அந்த பக்கமே பேஷன்ட்டை விடாதீங்க.

இன்னும் ஆபரேஷன் ஆகாம வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கவங்க ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கு ரத்த டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க, முக்கியமா வயக்காட்டுல வெறுங்காலோட நடந்து வளந்தவங்க. மண்ணுல இருந்து கால் தோல் வழியா ஏறி சத்தமில்லாம பல வருஷம் குடல்ல கெடக்கும், ஆபரேஷனுக்காக ஸ்டீராய்டு ஆரம்பிச்சதும் பல்கி நுரையீரல் வரைக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். முன்னாடியே தெரிஞ்சா ஐவர்மெக்டின் மாத்திரைல முடிச்சிடலாம்.