பூவாறு பொழிக்குப் படகில் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதாலேயே கேரளத்தின் பூவாறுக்கு நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் போகிறார்கள். களியக்காவிளை தாண்டினால் தூரம் அதிகமில்லை. நெய்யாறு கடலில் சேரும் இடத்தில், ஒரு பக்கம் காயலும் மறுபக்கம் அரபிக்கடலுமாக நீளமான ஒரு மணல் திட்டு கிடக்கிறது. அங்கே கட்டிடம் இல்லை, ரோடு இல்லை. பெரும்பாலோர் கண்டல் (அலையாத்தி) காட்டுக்கு நடுவே படகில் போய், அந்த மணலில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார்கள்.

ஆறு கடலில் சேரும் இடமான பொழி நமக்குப் புதிதல்ல. மணக்குடியில் பழையாறு, தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி என்று நம் குமரி மாவட்டத்திலேயே உண்டு. இருந்தும் போகிறவர்களின் பயமெல்லாம் படகு மேல்தான் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, படகு ஆடுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் காயல் பெரும்பாலும் அசைவில்லாத தண்ணீர். ஆபத்து தொடங்குவது மணலில் கால் வைத்த பிறகு. ஜாக்கெட்டைக் கழற்றிப் படகிலேயே போட்டுவிட்டுக் குழந்தைகள் கடல் பக்கம் ஓடுவதும் அப்போதுதான்.

அந்தக் கரை நம் ஊர்க் கடற்கரைகளான சங்குத்துறை போலவோ சொத்தவிளை போலவோ இருக்கும் என்று நினைக்காதீர்கள். மணல் செங்குத்தாகச் சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. அலை தூரத்தில் உடைந்து நுரையாக வராமல், கரையோரத்திலேயே மொத்தமாக விழுகிறது. விழுந்த தண்ணீர் அந்தச் சரிவில் திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும் பெரியவரையே அது சாய்த்துவிடும், அடுத்த அடியில் ஆழம். ஆகவே ‘கால் மட்டும் நனைக்கிறேன்’ என்பது இங்கே பாதுகாப்பான வாக்கியமில்லை. ஈர மணல் முடியும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்கவே வேண்டாம்.

வானம் தெளிந்திருக்கிறது, காற்றும் இல்லை, அதனால் கடல் சாதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடுவது இன்னொரு தவறு. கள்ளக்கடல் வருவது இப்படிப்பட்ட நாட்களில்தான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து, இங்கே ஒரு அறிகுறியும் காட்டாமல் கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை நம் மாவட்டம் மறந்திருக்காது. அந்த நாட்களுக்குக் கடல் சீற்ற எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது; செய்திகளிலும் வரும். கிளம்பும் முன் அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எச்சரிக்கை இருந்தால் காயல் சவாரியோடு நிறுத்திக்கொண்டு மணலில் இறங்காமல் திரும்புங்கள்.

பொழிமுகத்தைக் குறுக்கே நடந்து கடக்கலாம் என்ற ஆசையும் சிலருக்கு வரும். அக்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், தண்ணீரும் இடுப்பளவுதான் போலத் தோன்றும். ஆனால் பொழி ஒவ்வொரு பருவத்திலும் மாறுகிறது. கோடையில் மணல் அடைத்து மூடும், மழையில் ஆறு உடைத்துக்கொண்டு ஓடும். போன வருடம் யாரோ நடந்து போன இடம் இந்த வருடம் ஆழமாக இருக்கலாம். மேலே மழை பெய்து நெய்யாறு அணையில் மதகு திறந்திருந்தால் ஓட்டத்தின் வேகமே வேறு. பொழி வெட்டிக்கொண்டு போகும் மணல் விளிம்பில் நிற்பதும் கூடாது. அடியில் அரித்திருக்கும், மேலே தெரியாது.

விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்த பழக்கத்தில் இங்கேயும் வருகிறவர்கள் உண்டு. அங்கே பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு, இரண்டு பக்கமும் படகுத்துறை, கடல் சரியில்லை என்றால் சேவையை நிறுத்த ஆட்கள். பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம்கூட இருக்கிறது. பொழி மணலில் இவை எதுவும் கிடையாது. இறங்கலாமா வேண்டாமா என்பதைப் படகுக்காரரும் நாமும்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ‘காசு கொடுத்தாச்சு, இறக்கிவிடுங்க’ என்று அவரை நெருக்குவது நம்ம ஆட்களுக்குக் கைவந்த கலை. தினமும் அந்தத் தண்ணீரைப் பார்க்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் படகில் ஏறும் முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, குடை அவசியம். பதினொரு மணிக்கு மேல் மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, கடல்காற்று ஏற ஏற அலையும் கூடும். அதனால் காலை முதல் படகுகளே நல்லது. மாதம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஆனி, ஆடியில் மேற்குக் கடல் எப்படி இருக்கும் என்று குளச்சல்காரர்களிடம் கேட்டாலே போதும்.

சரி, படகுக்கு வருவோம். பூவாறு நெருங்கும்போதே சாலையோரம் ஆட்கள் வண்டியை மறித்து ‘போட்டிங், போட்டிங்’ என்பார்கள். முதலில் கைகாட்டியவர் பின்னால் போய்விடாதீர்கள். பேச வேண்டியது தலைக்கு எவ்வளவு என்றல்ல, முழுப் படகுக்கு எவ்வளவு என்று. எவ்வளவு நேரம், பொழியில் இறக்குவார்களா, அங்கே எத்தனை நிமிடம் காத்திருப்பார்கள் என்பதையும் ஏறும் முன்பே கேளுங்கள். ‘சேட்டா’ என்று தொடங்கி நம்ம தமிழில் பேசினாலே அவர்களுக்குப் புரியும்.

எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து வந்தால் ஒரே படகில் அடைத்துக்கொண்டு போய்க் காசு மிச்சம் பிடிக்கத் தோன்றும். 2023 மே மாதம் மலப்புறம் தானூரில் 22 பேர் இறந்த படகில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், நேரமும் சூரியன் மறைந்த பிறகு. இருட்டும் வேளையில் யாராவது ‘கடைசி ட்ரிப், குறைத்துத் தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படகில் போகும்போது மீன்கொத்தியோ செம்பருந்தோ தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து சாய்வதும் வேண்டாம். உட்கார்ந்தபடியே பார்த்தாலும் தெரியும்.

மணலில் படர்ந்து கிடக்கும் அடம்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் பிள்ளைகள் பிடுங்குவார்கள். காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைத்திருப்பவை அவை. பந்து போல உருளும் ராவணன் மீசையின் காய்ந்த தலை வேண்டுமானால், தரையில் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம். கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிறவர்கள் இருந்தால் கயிற்றைத் தாண்டி நடக்காமல் சுற்றிப் போங்கள்.

திரும்பும் வழியில் மிதக்கும் உணவகத்தில் நிறுத்தட்டுமா என்று கேட்பார்கள். சாப்பிடலாம், மீன் நன்றாகத்தான் இருக்கும். முழு மீன் காட்டி எடுக்கச் சொன்னால், பொரிக்கும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். அங்கே உட்காரும் நேரமும் படகு வாடகைக் கணக்கில் சேருமா என்பதையும்.