வட்டச் சமன்பாட்டில் நானும் விழுந்த குழிகள்

போன வாரம் ஒரு மாணவியின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி இதுதான்:

2எக்ஸ்² + 2ஒய்² − 8எக்ஸ் + 12ஒய் − 6 = 0

இந்த வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் காண்க. அதன் மேலுள்ள (6, −3) என்ற புள்ளியில் தொடுகோட்டின் சமன்பாட்டையும் காண்க. மையம் (4, −6), ஆரம் √58 என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதியிருந்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். எரிச்சல் அவள் மேல் இல்லை. இதே வகைக் கணக்கில் இதே தப்பை, இதைவிட அழகான கையெழுத்தில், ஒரு தேர்வில் நான் செய்திருக்கிறேன்.

மையத்தின் குறியை மாற்றாமல் எழுதுவது, ஆரத்தின் வர்க்கம் 25 என்று வந்தால் வர்க்கமூலம் எடுக்காமல் அதையே ஆரம் என்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு தடவை சிவப்பு மை பட்டால் அவை தானாகவே போய்விடும். போகாமல் ஒட்டிக்கொள்பவைதான் கீழே வருகின்றன.

கெழுவைப் பார்க்காமல் பாதியாக்குவது

நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வழி: எக்ஸின் கெழுவில் (அதாவது அதன் முன்னால் நிற்கும் எண்ணில்) பாதி, ஒய்யின் கெழுவில் பாதி, இரண்டுக்கும் குறியை மாற்றினால் மையம். அந்தப் பாதிகளின் வர்க்கங்களைக் கூட்டி, மாறிலியை (எக்ஸும் ஒய்யும் ஒட்டாத தனி எண்ணை) கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் ஆரம். வழி சரிதான். ஆனால் எக்ஸ்², ஒய்² இரண்டின் கெழுவும் 1 ஆக இருந்தால்தான் அது செல்லும். இந்த நிபந்தனையை எல்லோரும் படிக்கிறார்கள், கணக்குப் போடும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மேலே உள்ள சமன்பாட்டை முதலில் 2-ஆல் வகுக்க வேண்டும். எக்ஸ்² + ஒய்² − 4எக்ஸ் + 6ஒய் − 3 = 0 என்று வரும். இப்போது மையம் (2, −3). ஆரம் √(4 + 9 + 3), அதாவது 4. ஒரே ஒரு வகுத்தல்தான்.

அந்த ஒன்றை விட்டதற்கு நான் கொடுத்த விலை இருக்கிறதே! என் தேர்வில் அந்தக் கேள்விக்கு மூன்று பகுதிகள் இருந்தன. மையம் தப்பு. மையத்தை வைத்துக் கண்ட தொடுகோடும் தப்பு. தொடுகோட்டை வைத்துக் கண்ட முக்கோணப் பரப்பும் தப்பு. முதல் வரியில் விட்ட எண் கடைசி வரி வரை துரத்தி வந்தது. என் மாணவிக்கும் அதே கதைதான்: தொடுகோடு 2எக்ஸ் + 3ஒய் = 3 என்று முடித்திருந்தாள். உண்மையில் மையம் (2, −3), தொடும் புள்ளி (6, −3), இரண்டும் ஒரே கிடைக்கோட்டில் இருக்கின்றன. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து, அப்படியானால் அது நேர்குத்தாக நிற்க வேண்டும்: எக்ஸ் = 6. அரை வரியில் முடிகிற வேலை.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. தப்பைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி கேள்வியிலேயே இருந்தது. (6, −3) வட்டத்தின் மேல் இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அவள் எழுதிய மையம் (4, −6)-இலிருந்து அந்தப் புள்ளிக்குத் தொலைவு √13. அவள் எழுதிய ஆரமோ √58. இரண்டும் ஒரே தாளில், நான்கு வரி இடைவெளியில் இருக்கின்றன. வட்டம் என்றால் மையத்திலிருந்து சம தொலைவில் உள்ள புள்ளிகள் என்று சின்ன வகுப்பிலேயே ஒப்பித்தவர்கள்தான் நாம். சமன்பாடு வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

“ஏன் சார் வகுக்கணும்? சமன்பாடு அதேதானே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. சமன்பாட்டை 10-ஆல் பெருக்கினாலும் வட்டம் அதேதான், ஒரு புள்ளிகூட நகராது. ஆனால் 10எக்ஸ்² + 10ஒய்² − 40எக்ஸ் + 60ஒய் − 30 = 0 என்று எழுதிவிட்டு வகுக்காமல் பாதியாக்கினால் மையம் (20, −30) என்று வரும். நீங்கள் எதால் பெருக்கினீர்கள் என்பது வட்டத்துக்குத் தெரியாது. ஒரு வட்டத்துக்கு எத்தனை மையம்?

இதனால்தான் தொடக்கத்தில் அந்தக் குறுக்குவழியையே தடை செய்துவிடுகிறேன், வர்க்கப்பூர்த்தி மட்டும்தான். எக்ஸ்² − 4எக்ஸ் என்பதை (எக்ஸ் − 2)² − 4 என்றும், ஒய்² + 6ஒய் என்பதை (ஒய் + 3)² − 9 என்றும் எழுதினால்,

(எக்ஸ் − 2)² + (ஒய் + 3)² = 3 + 4 + 9 = 16

என்று கிடைக்கிறது. இது பிதாகரஸ் தேற்றத்தைத் தவிர வேறொன்றும் இல்லை: கிடையாக எவ்வளவு, நேர்குத்தாக எவ்வளவு, இரண்டின் வர்க்கமும் சேர்ந்தால் ஆரத்தின் வர்க்கம். இந்த வழியில் போனால் முன்னால் நிற்கும் 2-ஐ ஒதுக்காமல் வர்க்கத்தைப் பூர்த்தி செய்யவே முடியாது. கையே இடறும். குறுக்குவழியில் இடறவும் இடறாது, அதுதான் ஆபத்து.

வட்டமே இல்லாததற்கு மையம் தேடுவது

எக்ஸ்² + ஒய்² + 2எக்ஸ் − 4ஒய் + 9 = 0 என்று கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் மையம் (−1, 2) என்று எழுதிவிட்டு, ஆரத்தில் √−4 வந்ததும் கழித்தல் குறியை நைசாக அழித்து 2 என்று போடுவார்கள். நானும் அழித்திருக்கிறேன். இரண்டு வர்க்கங்களின் கூட்டல் −4 ஆகவே முடியாது, எனவே அந்தச் சமன்பாட்டில் ஒரு மெய்ப் புள்ளிகூட இல்லை. கடைசி எண் 9-க்குப் பதில் 5 ஆக இருந்தால் (−1, 2) என்ற ஒற்றைப் புள்ளி மிஞ்சும். 5-க்குக் கீழே வந்தால்தான் வட்டம்.

எக்ஸ்², ஒய்² கெழுக்கள் வேறுவேறாக இருந்தால்?

வட்டம் இல்லை. அடுத்த கணக்குக்குப் போங்கள்.

வெளியே நிற்கும் புள்ளிக்கு உள்ளூர்ச் சூத்திரம்

எக்ஸ்² + ஒய்² = 25 என்ற வட்டத்தின் மேலுள்ள புள்ளியில் தொடுகோடு காண ஒரு சுலபமான வழி உண்டு: எக்ஸ்²-இல் ஒரு எக்ஸுக்கும், ஒய்²-இல் ஒரு ஒய்க்கும் அந்தப் புள்ளியின் எண்ணைப் போடுவது. (3, 4) என்றால் 3எக்ஸ் + 4ஒய் = 25. சரி. ஆனால் (7, 1) என்ற புள்ளியிலிருந்து தொடுகோடு கேட்டாலும் அதே கையோடு 7எக்ஸ் + ஒய் = 25 என்று எழுதுகிறார்கள். 49 + 1 = 50, அது 25-ஐவிடப் பெரிது. புள்ளி வெளியே இருக்கிறது. அந்தக் கோடு (7, 1) வழியாகக்கூடப் போகாது. அது வட்டத்தை (3, 4), (4, −3) என்ற இரண்டு இடங்களில் வெட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அது முழுக்க வீண் இல்லை. (7, 1)-இலிருந்து வரையும் இரண்டு தொடுகோடுகளும் வட்டத்தைத் தொடுவது அந்த இரண்டு புள்ளிகளில்தான். 3எக்ஸ் + 4ஒய் = 25, 4எக்ஸ் − 3ஒய் = 25 ஆகிய இரண்டிலும் (7, 1)-ஐப் போட்டுப் பாருங்கள், பொருந்தும். கிடைத்தது தொடுகோடு இல்லை, தொடுபுள்ளிகளை இணைக்கும் நாண். பெயர் தெரிந்தால் அதுவே குறுக்குவழி.

நேர்குத்துக் கோட்டைத் தொலைப்பது

அதே வட்டத்துக்கு (5, 10)-இலிருந்து தொடுகோடுகள் வரையுங்கள். சாய்வை எம் என்று வைத்து, மையத்திலிருந்து கோட்டுக்குள்ள தொலைவு 5 என்று எழுதினால், இரண்டு பக்கமும் 25எம்² வந்து அடிபட்டுப்போகும். எம் = 3/4 மட்டும் மிஞ்சும். வெளிப்புள்ளியிலிருந்து எப்போதும் இரண்டு தொடுகோடுகள். இன்னொன்று எங்கே? எக்ஸ் = 5. அதற்குச் சாய்வு கிடையாது, அதனால்தான் எம்மின் வலையில் சிக்கவில்லை. வர்க்க உறுப்பு அடிபட்டால் ஒரு நேர்குத்துக் கோடு நழுவிவிட்டது என்று பொருள்.

கழித்ததும் பொது நாண் என்று முடிவுகட்டுவது

வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்களின் சமன்பாடுகளைக் கழித்தால், வெட்டும் புள்ளிகளை இணைக்கும் பொது நாண் கிடைக்கும். இப்போது இந்த இரண்டைப் பாருங்கள்: எக்ஸ்² + ஒய்² = 1, (எக்ஸ் − 5)² + ஒய்² = 1. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எக்ஸ் = 2.5 என்று கோடு கிடைக்கும். மையங்களின் தொலைவு 5, ஆரங்களின் கூட்டல் 2. இந்த வட்டங்கள் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டாத வட்டங்களுக்கு ஏது பொது நாண்?

மூன்று புள்ளிகள் வழியே ஒரு வட்டம்

மூன்றும் ஒரே கோட்டில் இல்லையென்றால் மட்டும்.

தொடும் வட்டங்கள்

மையங்களின் தொலைவு ஆரங்களின் கூட்டலுக்குச் சமமா என்று மட்டும் பார்க்காதீர்கள், வித்தியாசத்துக்குச் சமமா என்றும் பாருங்கள். உள்ளிருந்தும் தொடும்.

பாதி வட்டம்

கணினித் திரையில் வட்டம் வரைய முதன்முதலில் உட்கார்ந்தபோது ஒய் = √(25 − எக்ஸ்²) என்று எழுதி, −5 முதல் 5 வரை புள்ளி வைக்கச் சொன்னேன். பாலத்தின் வளைவு போல மேல்பாதி மட்டும் வந்தது. வர்க்கமூலக் குறி மிகை எண்ணை மட்டுமே தரும் என்பது அப்போதுதான் உறைத்தது. கழித்தல் குறியோடு இன்னொரு தடவை ஓடவிட்டேன். கீழ்ப்பாதியும் வந்தது, ஆனால் இரண்டு ஓரங்களிலும் புள்ளிகளுக்கு நடுவே ஓட்டை. எக்ஸ் 4-இலிருந்து 5-க்கு ஒரு அடி வைப்பதற்குள் ஒய் 3-இலிருந்து 0-க்கு விழுந்துவிடுகிறதே. கடைசியில் கோணத்தைச் சுற்றவிட்டு, அதன் கொசைனையும் சைனையும் 5-ஆல் பெருக்கிப் புள்ளி வைத்ததும் ஓட்டை போனது.

வந்தது முட்டை. சமன்பாட்டில் தப்பைத் தேடி ஒரு மாலை முழுக்கத் துழாவினேன். இரண்டு அச்சுகளுக்கும் வேறுவேறு அளவுத்திட்டம் வைத்திருந்தேன்.