தும்மலைக் கிளப்பும் புல்லும் களையும்: கண்டுபிடித்து அகற்றுவது எப்படி?

முதலில் பளிச்சென்ற பூக்களைச் சந்தேகப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ரோஜா, செம்பருத்தியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. அதைப் பூச்சிகள்தான் சுமக்கின்றன. மூக்குக்கு எமன், பூத்திருப்பதே தெரியாத புல்லும் களையும்தான்.

படி 1: ஆளை அடையாளம் காணுங்கள்

அருகம்புல்: கதிர் நுனியில் விரல்களை விரித்ததுபோல் மெல்லிய கிளைகள். முள்ளுக்கீரை: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரட்டை முள். பார்த்தீனியம்: கேரட் இலைபோல் பிளந்த இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. ராக்வீட் என்ற களையின் இலையும் பிளந்துதான் இருக்கும். ஆனால் பூ பச்சை நிறம், நிமிர்ந்த கதிரில் வரிசையாகத் தொங்கும்.

படி 2: மகரந்தம் உதிர்கிறதா?

பலர் சறுக்குவது இங்கேதான். வெயில் வந்து பனி காய்ந்த காலை வேளையில், கதிருக்கு அடியில் கறுப்புத் தாளைப் பிடித்து விரலால் இருமுறை தட்டுங்கள். மஞ்சள் தூள் விழுந்தால் உதிர்கிறது. மழை பெய்த உடனே தட்டினால் ஒன்றும் விழாது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள், காய்ந்தபின் மறுபடி பாருங்கள். தட்டும்போது முகக்கவசம் கட்டாயம். புல் மகரந்தம் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு மேல் என்பதால் சாதாரண கவசமே வடிகட்டிவிடும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் மட்டும் எதைப் போட்டும் பயனில்லை.

பார்த்தீனியத்துக்கு இந்தச் சோதனையே வேண்டாம். வெள்ளைப் பூ வந்துவிட்டாலே தாமதம்தான்.

படி 3: அகற்றுவது

பார்த்தீனியம் முளைத்து நான்கு வாரத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். அதனால் மாதம் ஒருமுறை பார்ப்பது போதாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மண்ணை நனைத்துவிட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். துணிக் கையுறையில் சாறு ஊறித் தோலில் படும், அரிப்பும் கொப்புளமும் வரும். ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பூத்த செடியென்றால் தலைமேல் பையை மாட்டிக் கட்டியபின் பிடுங்குங்கள். உரக்குழியில் போடாதீர்கள்: ஒரே செடி 15,000 விதைக்கு மேல் தரும்.

அருகம்புல்லைப் பிடுங்கி ஜெயிக்க முடியாது. மண்ணுக்குள் விட்டுப்போன ஒரு கணு போதும், திரும்ப வரும். கதிர் நிமிரும் முன் வாரந்தோறும் கத்தரிப்பதே வழி.

கருவிகளில் என் ஓட்டு களைக்கொத்துக்குத்தான். பிரஷ் கட்டர் வேகமானது, ஆனால் பூத்த களையில் ஓட்டினால் மகரந்தத்தை முகத்திலேயே வீசியடிக்கும். அதுதான் வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போது, ஒவ்வாமை இல்லாத ஒருவர் ஓட்டட்டும்.

வேலை முடிந்ததும் உடுப்பை நேராகத் துவைக்கப் போட்டுவிட்டுத் தலையோடு குளியுங்கள். முடியில் தங்கிய தூள் தலையணைக்குப் போனால் இரவு முழுக்கத் தும்மல்தான்.

பிற்சேர்க்கை: உப்புக்கரைசல் தெளிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு, பூக்கும் முன் தெளித்தால் பார்த்தீனியம் கருகும். மண்ணும் கெடும் என்பதால் நடைபாதை இடுக்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தோட்டத்தில் வேண்டாம்.

இன்னொன்று: எல்லாவற்றையும் அகற்றியும் தும்மல் நிற்கவில்லையா? மகரந்தம் காற்றில் வெகுதூரம் வரும். எந்தச் செடி என்று தோல் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். அதற்குமுன் ஒவ்வாமை மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உடலில் இருந்தால் முடிவு பொய்யாக வரும்.