தருமபுரியில் ஒரு தத்துவ வட்டம் தொடங்குவது எப்படி?

தத்துவ வட்டம் என்பது சிலர் கூடி உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைச் சேர்ந்து யோசிக்கும் கூட்டம். அதைத் தொடங்க மூன்று பேர் போதும். நீங்கள், உங்களோடு சண்டை போட்டாலும் மறுநாள் வழக்கம்போல் பேசுகிற ஒரு நண்பர், அவர் அழைத்து வரும் இன்னொருவர். தத்துவம் படித்தவர் யாராவது கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் அப்படி இரண்டு வருடம் காத்திருந்தேன். கடைசியில் எங்கள் வட்டத்தை நிலைநிறுத்தியவர்கள் ஒரு செவிலியர், ஒரு மாந்தோப்புக்காரர், பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி.

1992இல் பாரிஸில் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர், பாஸ்தீல் சதுக்கத்தில் உள்ள ஒரு காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இப்படி ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அன்றைக்கு எதைப் பற்றிப் பேசுவது என்பதையும் வந்தவர்களே முன்வைப்பார்கள். அந்த வழக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊர் டீக்கடை பெஞ்சிலும் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஒரு டீ முடிவதற்குள் பத்து விஷயங்கள் வந்து போய்விடும். ஒரே கேள்வியை இரண்டு மணி நேரம் கையில் வைத்திருப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

முதலில், மேடையை எடுத்துவிடுங்கள்

என் முதல் முயற்சியை ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தினேன். ஒலிபெருக்கி, வரிசை நாற்காலி, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் இருந்தன. நாற்பது பேர் வந்தார்கள். பேச வந்தவர் ஒரு மணி இருபது நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். கேள்வி நேரத்தில் மூன்று பேர் எழுந்து, மூன்று பேரும் அவரைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் ஐந்து பேர் வந்தார்கள். மேடை இருந்தால் நாம் கை தட்டத்தான் பழகியிருக்கிறோம் என்பது அன்று புரிந்தது. பட்டிமன்றமும் இதற்கு உதவாது. அங்கே அணி முதலிலேயே பிரிந்துவிடும். நடுவில் மனம் மாறினால் அணிக்குத் துரோகம்.

ஆகவே நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பாய் விரித்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஃபிளெக்ஸ் பேனர், சிறப்பு விருந்தினர், புகைப்படம் எதுவும் வேண்டாம். புகைப்படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே சிலர் மனதில் இருப்பதைச் சொல்லமாட்டார்கள்.

இடமும் நேரமும்

எந்தச் சாதிக்காரரும், எந்தக் கட்சிக்காரரும், எந்த மதத்தவரும் தயங்காமல் படியேறக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கட்சி அலுவலகமும் கோயில் மண்டபமும் இதனாலேயே கழிந்துவிடும். பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. நூலகரைப் பார்த்து, மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் டியூஷன் சென்டர், பள்ளி வகுப்பறை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி.

நேரத்துக்கு எங்கள் அனுபவம், ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் சனிக்கிழமை இரவு வீடு வந்து, ஞாயிறு மாலை கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் காலைப்பொழுதுதான் மிஞ்சுகிறது. அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் பெண்களுக்கும் இருட்டுவதற்குள் திரும்ப இதுதான் வசதி. கிருஷ்ணகிரியில் தொடங்குகிறவர்கள் மாங்காய்ப் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். மே, ஜூனில் தோப்புக்காரர்களைக் காலையில் எதிர்பார்க்க முடியாது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ‘வாழ்க்கை என்றால் என்ன’ என்று தொடங்கினால் எல்லோரும் தாங்கள் எங்கோ படித்ததைச் சொல்வார்கள். ‘கடவுள் உண்டா’ என்று தொடங்கினால் வரும்போது இருந்த நிலையிலேயே எழுந்து போவார்கள். செல்போனில் தேடி விடை கண்டுபிடிக்கக் கூடாது, ஆனால் வந்திருக்கிற ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் அது ஒரு முறையாவது குறுக்கே வந்திருக்க வேண்டும். நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை இவ்வளவுதான்.

நம் மண்ணிலேயே இப்படிப்பட்ட கேள்விகள் கிடக்கின்றன. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டும் என்று சொல்லப்பட்ட ஒரு நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையைக் கேட்காத பிள்ளை இங்கே கிடையாது. கொடைக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை சொல்வதைக் கவனியுங்கள்: அந்தக் கனியின் பயனை அதியமான் தன் மனதுக்குள் அடக்கிக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே கொடுக்கிறான். ஒருவருடைய ஆயுளையே மாற்றக்கூடிய ஒன்றை, அவருக்குத் தெரிவிக்காமல் கொடுப்பது சரியா? சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? குடிமக்களைக் காக்க வேண்டிய அரசனின் ஆயுள் அவன் இஷ்டப்படி கொடுத்துவிடக் கூடியதுதானா? இந்தக் கேள்வியை வைத்த அன்று எங்கள் செவிலியர் அக்கா, நோயாளிக்குத் தெரியாமல் குடும்பத்தார் எடுக்கும் முடிவுகளைப் பற்றிப் பேசினார். அறையே அமைதியாகிவிட்டது. அதியமானிலிருந்து மருத்துவமனைக்கு நாங்கள் எப்போது வந்தோம் என்றே தெரியவில்லை.

இன்னொன்று ஒகேனக்கல் பரிசல். ஒருவர் தன் பரிசலில் இந்த வருடம் சில மூங்கில் பிளாச்சுகளை மாற்றுகிறார், அடுத்த வருடம் அடிப்பக்கத்து விரிப்பை மாற்றுகிறார், அப்புறம் மிச்ச மூங்கிலையும் மாற்றிவிடுகிறார். பழைய பொருள் ஒன்றுகூட இல்லை. அப்பா காலத்துப் பரிசல் என்று அவர் சொன்னால் அது உண்மையா? கிரேக்கர்கள் இதையே தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கேட்டார்கள், பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். கப்பலை விட நமக்குப் பரிசல் கைக்கு எட்டும். அங்கிருந்து, இருபது வருடத்துக்கு முன் தப்பு செய்த மனிதரும் இன்றைக்கு நம் முன் நிற்பவரும் ஒரே ஆள்தானா என்று போகலாம். மன்னிப்பு, தண்டனை எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும்.

முதல் கூட்டத்துக்கு எது என்று கேட்டால், பொய்யைப் பற்றிய கேள்வியைச் சொல்வேன். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது 292ஆம் குறள். அந்த நன்மை குற்றமற்றது என்று முடிவு செய்வது யார், பொய் சொல்பவரா, கேட்பவரா? இதில் பேச ஒன்றும் இல்லாதவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரத்தை நடத்துவது

எட்டு முதல் பன்னிரண்டு பேர் நல்ல அளவு. அதைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். கேள்வியைக் கொண்டுவந்தவர் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். அப்புறம் மூன்று நிமிடம் எல்லோரும் சும்மா இருந்து, தோன்றுவதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். இந்த அமைதி முதலில் சங்கடமாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். கூச்சப்படுபவர்கள் பேசத் தொடங்கியது எங்களுக்கு இதனால்தான். அதன் பின் ஒரு சுற்று, ஆளுக்கு இரண்டு நிமிடம். பிறகு திறந்த பேச்சு.

நெறியாளர் ஒருவர் வேண்டும், மாதா மாதம் ஆள் மாற வேண்டும். சாக்ரடீஸின் தாய் மருத்துவச்சி. தானும் அதே தொழிலைத்தான் செய்வதாகவும், பிறர் மனதில் இருக்கும் கருத்து வெளியே வர உதவுவதாகவும் அவர் சொல்வதை பிளாட்டோவின் உரையாடல் ஒன்றில் பார்க்கலாம். நெறியாளருக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. அவர் தன் கருத்தைச் சொல்லாமல், பேசியவரிடம் திரும்பிக் கேட்க வேண்டும். ‘நியாயம் என்று சொன்னீர்களே, அதற்கு என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள்?’ ‘உங்கள் வீட்டில் நடந்த ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?’ ‘இது பொருந்தாத இடம் ஏதாவது இருக்கிறதா?’ இந்த மூன்றும் கைவசம் இருந்தால் புதியவரும் நடத்திவிடலாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். மறுப்பதற்கு முன், எதிரே இருப்பவர் சொன்னதை அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். இது நம் பழைய மரபு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கை; பிறகுதான் சுபக்கம், அதாவது தன் கொள்கை. பரபக்கத்தில் கடவுளை மறுக்கும் உலகாயதரின் வாதத்தை முதலில் அவர்கள் பக்கம் நின்று சொல்லிவிட்டு, அதன் பிறகே அருணந்தி சிவாசாரியார் மறுக்கப் போகிறார். இந்த விதியைக் கடைப்பிடித்தால் குரல் தானாகத் தணியும், அடுத்தவர் பேசும்போது நம் பதிலைத் தயார் செய்யும் பழக்கமும் குறையும்.

சிக்கல்கள்

நிறைய பேசுகிறவர் ஒருவர் நிச்சயம் வருவார். எங்களுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், நிறையப் படித்தவர். எல்லோர் முன்னாலும் ‘ஐயா, நேரமாகிவிட்டது’ என்று இரண்டு முறை நிறுத்தினேன். மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. தனியாக ஒரு டீ குடித்தபடி சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் வருத்தப்படுகிறேன். நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் பலர். அவர்கள் சொல் தேடித் தடுமாறினால் தங்கள் மொழியிலேயே சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்லலாம். ‘தர்மம்’ என்ற சொல்லை மூன்று மொழிக்காரர்கள் எந்தெந்த இடத்தில் புழங்குகிறார்கள் என்று கேட்டாலே ஒரு காலைப்பொழுது போதாது.

டீயைப் பெண்கள் தலையில் கட்டாதீர்கள். பிளாஸ்க்கில் கடையிலிருந்து வாங்கி வரும் முறை ஆளுக்கொரு மாதம். செலவு ஆளுக்கு இருபது ரூபாயைத் தாண்டாது.

ஒரு நோட்டில் தேதி, கேள்வி, முடியாமல் நின்ற இடம், இந்த மூன்றையும் எழுதுங்கள். இரண்டு பேர் மட்டுமே வந்தாலும் கூட்டத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து விரும்பினால் கேள்விக்குப் பொருத்தமான ஒரு நூலிலிருந்து ஒரு பக்கம் நகலெடுத்து முன்கூட்டியே படித்து வரலாம். ஒரு பக்கத்துக்கு மேல் கொடுத்தால் படிக்காதவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள்.

நாங்கள் முதல் முறை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பு இது, ஊரையும் இடத்தையும் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு ஒரே ஒரு கேள்வியைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கப் போகிறோம்: நல்லதுக்காகச் சொல்லும் பொய், பொய்தானா? சொற்பொழிவு கிடையாது, கட்டணம் கிடையாது. எதுவும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். பேருந்து பிடிக்க வேண்டியவர்களுக்காகச் சரியாக 12 மணிக்கு முடித்துவிடுவோம்.’